கல்லூரியில் முதலாண்டு: விதிகள், மெமோ, விசாரணை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஒழுங்குக் குழுவிலும் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் முன் வந்து நிற்கும் முதலாண்டுப் பிள்ளைகளில், துடுக்குத்தனம் செய்து வந்தவர்களைவிட விதி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களே அதிகம். பள்ளியில் வகுப்பாசிரியர் திட்டினால் அன்றோடு விஷயம் முடிந்துவிடும். கல்லூரியில் வருகைப்பதிவு, மெமோ (விளக்கம் கேட்டுக் கல்லூரி எழுத்தில் தரும் அறிவிப்பு), விளக்கக் கடிதம், குழுவின் அறிக்கை என்று ஒவ்வொன்றும் தாளில் ஏறுகிறது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு எடுக்கப்படுகிறது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. அந்தப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் தரும் எண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறலாம். நடைமுறை பெரும்பாலும் இதுதான்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

சேர்ந்ததும் கல்லூரிக் கையேடு ஒன்றைத் தருவார்கள். சில கல்லூரிகளில் அதற்குக் 'காலண்டர்' என்று பெயர். பிரார்த்தனைப் பாடல், நிர்வாகிகள் படம் எல்லாவற்றையும் தாண்டி நடுவே சிறிய எழுத்தில் விதிகள் இருக்கும். வருகைப்பதிவு, தேர்வு, ஒழுங்கு ஆகிய மூன்று பகுதிகளை ஒரு மாலையில் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால், உங்கள் வகுப்பு ஆலோசகரிடம் போய்க் கேளுங்கள். டியூட்டர், மென்டார் என்று கல்லூரிக்கொரு பெயரில் அழைப்பார்கள். முதல் வாரத்திலேயே அவரிடம் போய்ப் பேசிவைப்பது நல்லது. பின்னால் ஒரு சிக்கல் வரும்போது உங்களைப் பற்றி முதலில் கேட்கப்படுபவர் அவர்தான்.

விண்ணப்பத்தில் பெற்றோரின் கைபேசி எண்ணைக் கேட்பார்கள். அங்கே நண்பனின் எண்ணையோ உங்களுடைய இரண்டாவது எண்ணையோ தராதீர்கள். வகுப்புக்கு வராத நாளில் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகாமல் இருக்கப் பலர் இதைச் செய்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால், விடுப்பு எடுத்ததைவிடப் பொய்த் தகவல் தந்தது பெரிய குற்றமாகப் பதிவாகும். அதோடு, உங்களுக்கு உடல்நிலை கெட்டால் வீட்டுக்குச் சொல்ல எங்களிடம் வழியே இருக்காது.

ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியை மாணவரும் பெற்றோரும் தனித்தனியே ஒவ்வொரு கல்வியாண்டும் தர வேண்டும். இது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. இணையத்தில் நிரப்ப வேண்டியது என்பதால், கல்லூரி வாசலில் இருக்கும் நகலகத்தில் யாரையாவது நிரப்பச் சொல்லிவிட்டுப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். இதைப் படியுங்கள். இதையும், நீங்கள் கையெழுத்திடும் வேறு எந்தத் தாளையும் கைபேசியில் படம் எடுத்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் படிப்பில் இந்தப் பழக்கம் ஒருமுறையாவது உங்களைக் காப்பாற்றும்.

வருகைப்பதிவுக் கணக்கு

அதிகம் பேரைக் கவிழ்ப்பது அடிதடியோ பிட் பேப்பரோ இல்லை, வருகைப்பதிவுதான். ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாட்கள். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும், அதாவது 68 நாட்கள். உங்கள் கையில் இருப்பது 22 நாட்கள். காய்ச்சல், அக்காள் திருமணம், ஊர்த் திருவிழா, மழை, பஸ் வராத காலை எல்லாம் இந்த 22 நாட்களுக்குள் அடங்க வேண்டும். கல்லூரி விடுமுறை விட்ட நாட்கள் இந்தக் கணக்கில் வராது.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கலை அறிவியல் கல்லூரிகளில் வழக்கமாக இருக்கும் விதி இது: 65 முதல் 74 சதவீதம் வரை இருந்தால், காரணம் காட்டி விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, விலக்குப் பெற்றுத் தேர்வு எழுதலாம். இதைத்தான் அலுவலகத்தில் 'கன்டோனேஷன்' என்கிறார்கள். 50 முதல் 64 வரை இருந்தால் இந்த செமஸ்டர் தேர்வு கிடையாது. அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தாள்களைப் பிறகு எழுத வேண்டும். 50க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும், அதுவும் படிப்பு முடிந்த பிறகு. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்ட நேரத்தில், நீங்கள் ஜூனியர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். பொறியியல் கல்லூரிகளில் விலக்கு இன்னும் கறாரானது. மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ சான்று இருந்தால்தான் 65க்கு மேல் உள்ளவர்களைப் பரிசீலிப்பார்கள்.

பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே தீர்த்துவைக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வருகை கிடைத்துவிடாது. வராத நாள் வராத நாள்தான். சான்றிதழ் உங்களுக்கு விலக்குக் கேட்கும் தகுதியை மட்டுமே தருகிறது. கல்லூரி சார்பில் என்.சி.சி. முகாம், விளையாட்டு, கருத்தரங்கு என்று போனால் கிடைக்கும் 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) அனுமதிதான் வருகையாக ஏறும். அதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். போய்விட்டு வந்து, "சார்தான் கூப்பிட்டார்" என்றால் ஏறாது.

இன்னொன்று: சில கல்லூரிகளில் ஒரு மணி நேர வகுப்பைத் தவிர்த்தாலே அரை நாள் போய்விடும். காலை முதல் மணிக்குத் தாமதமாக வந்து வராந்தாவில் நின்ற நாட்களெல்லாம் செமஸ்டர் முடிவில் அரை அரையாகச் சேர்ந்து நிற்கும். உங்கள் கல்லூரியில் கணக்கு மணிக்கணக்கிலா, அரை நாளா, பாடவாரியாகவா என்று முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதக் கடைசியில் உங்கள் சதவீதத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். பதிவில் தவறு இருந்தால் அந்த மாதமே சொன்னால் திருத்துவது எளிது. ஹால் டிக்கெட் வாங்கும் நாளில் சொன்னால், ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் வகுப்பில் இருந்தீர்களா என்று எந்த ஆசிரியருக்கும் நினைவிருக்காது.

அன்றாட விதிகள்

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தொலைந்தால் அன்றே எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீதோடு புதிய அட்டை வாங்குங்கள். அபராதம் என்று எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர முடியாத அபராதத்தைக் கட்ட வேண்டியதில்லை.

உடை விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, பெண்களுக்குத் துப்பட்டாவோடு சுரிதார் என்று கேட்கும் கல்லூரிகள் ஏராளம். இவற்றில் பலவற்றை நான் தேவையற்றவை என்றே நினைக்கிறேன். பெண்களின் உடையை மட்டும் அளந்து பார்க்கும் விதிகளை ஆசிரியர் கூட்டங்களில் எதிர்த்தும் பேசியிருக்கிறேன். ஆனாலும் வாசலில் காவலரோடு சண்டை போட்டு இந்த விதியை யாரும் மாற்றியதில்லை. காவலரை ஒருமையில் பேசியதற்காகத் தனி மெமோ வாங்கிய மாணவர்கள் உண்டு. விதி பிடிக்கவில்லையென்றால் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் மனுவாகக் கொடுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வரும்.

வண்டி விஷயத்தில் பெற்றோருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் பலருக்குப் பதினேழு வயதுதான். கியர் வண்டி ஓட்ட உரிமம் பதினெட்டில்தான் கிடைக்கும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த பரிசாக வண்டி வாங்கித் தர நினைப்பவர்கள் ஓராண்டு பொறுங்கள்.

கைபேசியை வைத்திருப்பதால் வரும் சிக்கலைவிட அதில் எடுப்பதால் வரும் சிக்கலே பெரிது. பாடம் நடத்தும் ஆசிரியரை, உறங்கும் வகுப்புத் தோழியை, விடுதி அறையில் இருப்பவரைக் கேட்காமல் படம் எடுத்துப் பகிர்வது விளையாட்டாகத் தோன்றலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததை வேறு குழுவுக்கு அனுப்பியவரும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். குழுவில் அப்படி ஏதாவது வந்தால், "இதை நீக்கு" என்று எழுதிவிட்டு வெளியேறுங்கள். அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

விடுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விதித்தொகுப்பு உண்டு: அவுட்பாஸ், இரவு வருகைப்பதிவு, விருந்தினர் நேரம். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஆறு மணிக்கே கதவை அடைக்கும் கல்லூரிகள் இன்றும் இருக்கின்றன. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்காக 2015இல் மானியக் குழு வகுத்த விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிகளுக்கு ஆண்கள் விடுதியிலிருந்து வேறுபட்ட பாகுபாடான விதிகளைப் போடக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. மாணவிகளே, உங்கள் மனுவில் இந்த விதிமுறையை ஆண்டோடு குறிப்பிடுங்கள். அதைக் குறிப்பிட்ட மனுவை வெறும் வேண்டுகோளாக ஒதுக்கிவிட முடியாது.

ராகிங்

1996இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைமை, குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படும். இதை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். "பெரிதுபடுத்தாதே" என்று கல்லூரித் தலைமையே உங்களிடம் சொன்னால், அதற்கே சட்டப் பொறுப்பு இருக்கிறது.

அடிப்பது மட்டுமே ராகிங் இல்லை. "இன்ட்ரோ கொடு" என்று நிற்கவைத்துக் கேலி செய்வது, பாடச் சொல்வது, ரெக்கார்ட் நோட்டு எழுதவைப்பது, டீ சிகரெட் வாங்கி வரச் சொல்வது, சாதியைக் கேட்பது, ஊரைச் சொல்லிச் சிரிப்பது எல்லாமே இதில் அடங்கும். ஜூனியர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து மிரட்டுவதும் ராகிங்தான் என்று மானியக் குழு 2025இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருக்கும்பட்சத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

நடந்தால், நேரம், இடம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்று இரவே எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். துறைத் தலைவரிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள். கல்லூரிக்குள் சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

அடுத்த ஆண்டு நீங்களே சீனியர். உங்களுக்கு நடந்ததை ஜூனியருக்குச் செய்வது பாரம்பரியம் என்று யாராவது சொன்னால், குழு முன் அந்தப் பதிலை நான் கேட்டிருக்கிறேன், அது யாரையும் காப்பாற்றவில்லை.

தேர்வறையில்

பிட், கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், உள்ளங்கையில் எழுதியது, ஹால் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் எழுதிய சூத்திரம்: இவற்றை வைத்திருந்தாலே போதும், பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அணைத்துவைத்த கைபேசி சட்டைப் பையில் இருந்தாலும் முறைகேடுதான். உள்ளே போகுமுன் பை, பாக்கெட், பவுச் மூன்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். நேற்று இரவு படித்த சீட்டு கால்சட்டையில் மறந்துபோய் மாட்டியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

விடைத்தாளில் "எப்படியாவது பாஸ் போடுங்கள் ஐயா" என்று எழுதுவதும், கைபேசி எண்ணை எழுதுவதும், ரூபாய் நோட்டை வைப்பதும் முறைகேடாகவே கருதப்படும். உச்சியில் பிள்ளையார் சுழி போடும் பழக்கம் இருந்தால் தேர்வில் விட்டுவிடுங்கள். அடையாளக் குறி என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

பறக்கும் படை பிடித்துவிட்டால், விடைத்தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே விளக்கம் எழுதச் சொல்வார்கள். பதற்றத்தில், அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள் மாணவர்கள். உங்கள் சொற்களில், நடந்ததை மட்டும் எழுதுங்கள். சீட்டு உங்களுடையது, ஆனால் பார்த்து எழுதவில்லை என்றால் அதையே எழுதுங்கள். சீட்டு உங்களுடையது இல்லையென்றால், எங்கே கிடந்தது, யார் எடுத்தார் என்று எழுதுங்கள். தண்டனை அந்தத் தாளை ரத்து செய்வதில் தொடங்கி, அந்த செமஸ்டரின் எல்லாத் தாள்களும் ரத்து, அடுத்த தேர்வுகளுக்குத் தடை என்று ஏறும். ஆள்மாறாட்டம் என்றால் காவல் நிலையம்தான்.

வாசலுக்கு வெளியே

"வெளியில் நடந்ததற்குக் கல்லூரி எப்படிக் கேட்கலாம்?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். கேட்கலாம். அடையாள அட்டையோடு பஸ்ஸில், ரயில் நிலையத்தில் நடப்பது கல்லூரியின் பெயரில் நடப்பதாகவே கருதப்படுகிறது. சென்னையில் 2019 ஜூனில் 'பஸ் டே' என்று பஸ் கூரையில் ஏறிய மாணவர்கள் சாலையில் சரிந்து விழுந்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. 'ரூட்டு தல' என்று ஒருவனைத் தூக்கிவைத்து, பஸ் தடத்துக்குத் தடம் கோஷ்டி சேர்ந்து மோதிக்கொண்டதில் உயிர்களே போயிருக்கின்றன. முதலாண்டில் இந்தக் கோஷ்டிகள் உங்களைத் தேடி வரும். டீ வாங்கித் தரும், பாதுகாப்புத் தருவதாகச் சொல்லும். படிக்கட்டில் தொங்கி முழக்கமிடும் காணொளியில் முகம் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் வரும், தலைவன் பெயர் வராமலும் போகலாம்.

கல்லூரியின் மெமோ பாஸ்போர்ட்டைப் பாதிக்காது. காவல் வழக்கு பாதிக்கும். அரசு வேலைக்கான சரிபார்ப்பிலும் நிற்கும். கஞ்சா வைத்திருப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குற்றம், சிறிய அளவாக இருந்தாலும். கூல் லிப் போன்ற மெல்லும் புகையிலையைச் சின்ன விஷயம் என்று நினைத்துப் பையில் வைத்திருப்பவர்கள், கல்லூரிச் சோதனையில் அது சிக்கும்போது பெற்றோர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். பழக்கம் வந்துவிட்டது என்றால் சோதனைக்கு முன்பே கல்லூரி ஆலோசகரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தானாக வந்தவரை எந்த நல்ல ஆசிரியரும் குற்றவாளியாக நடத்துவதில்லை.

மெமோ வந்தால்

வழக்கமான ஏணி இது: வாய்மொழிக் கண்டிப்பு, துறைத் தலைவரிடம் கடிதம், பெற்றோரை அழைத்து வருதல், மெமோ, ஒழுங்குக் குழு, இடைநீக்கம், நீக்கம். தவறு பெரிதானால் நடுப்படிகளைத் தாண்டி நேரே குழுவுக்கு வந்துவிடும்.

பெற்றோரை அழைத்து வரச் சொன்னால், பெற்றோரையே அழைத்து வாருங்கள். 'சித்தப்பா' என்று யாரையாவது கூட்டி வருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பெயரையும் ஊரையும் கேட்டால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்றால் அதையே துறைத் தலைவரிடம் சொல்லி வேறு நாளோ தொலைபேசியிலோ பேச அனுமதி கேளுங்கள். இதைக் கேட்டு மறுத்த ஆசிரியரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பெற்றோரே, நீங்கள் வரும்போது எங்கள் முன் பிள்ளையை அடிக்காதீர்கள். அது விசாரணைக்கு எந்த வகையிலும் உதவாது. என்ன குற்றச்சாட்டு, யார் கொடுத்தது, என்ன சான்று என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மெமோவுக்குப் பதில் எழுதும் விதம்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கிறது. "நான் செய்தது தவறு, இனி இப்படிச் செய்ய மாட்டேன், செய்தால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு மன்னிப்புக் கடிதம் கல்லூரிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்த்து எழுதுவதற்குத் துறை அலுவலகத்தில் பழைய பிரதியே கிடைக்கும். எதைச் செய்தீர்கள் என்று அதில் இருக்காது. கோப்பில் அது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதமாக ஏறிவிடும். அடுத்த முறை ஏதாவது நடந்தால், முதலில் எடுத்துப் படிக்கப்படுவது அதுதான். ஆகவே செய்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், செய்யாததை மறுத்து எழுதுங்கள். உதாரணமாக, உணவகத்தின் முன் நடந்த தகராறில் உங்கள் பெயர் அடிபட்டால்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஆகஸ்ட் 12 தேதியிட்ட மெமோவை 13ஆம் தேதி பெற்றுக்கொண்டேன். 11ஆம் தேதி காலை 11.15 மணியளவில் உணவகத்தின் முன் தகராறு நடந்தபோது நான் அங்கே இருந்தேன். இரு தரப்பையும் விலக்கிவிட முயன்றேன். யாரையும் அடிக்கவில்லை. என் வகுப்பைச் சேர்ந்த இருவர் உடன் இருந்தனர், அவர்களின் பெயர்களை இணைத்துள்ளேன். உணவக வாசல் கேமராப் பதிவைப் பாதுகாத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். வகுப்பு நேரத்தில் வெளியே இருந்தது என் தவறு. அதற்கு வருந்துகிறேன்."

இவ்வளவு போதும். கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும் என்பதால், அந்த வேண்டுகோளை முதல் கடிதத்திலேயே வைக்க வேண்டும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விசாரணை நாள்

குழுவில் வழக்கமாக மூத்த பேராசிரியர்கள் சிலர் இருப்பார்கள். நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போங்கள். உங்கள் மீதான புகாரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். நண்பனைக் காப்பாற்றக் கதை கட்டாதீர்கள். அதே நண்பன் பக்கத்து அறையில் வேறு கதை எழுதிக் கொடுத்திருப்பான்.

உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டிக்க முடியாது. தேர்வு முறைகேட்டுக்காக மாணவர்மீது நடவடிக்கை எடுப்பதானாலும் அவருக்கு விளக்கம் தர வாய்ப்பு அளித்தே ஆக வேண்டும் என்று உத்தரப்பிரதேசக் கல்வி வாரிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. அதற்காக இது நீதிமன்றம்போல நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் பெண்கள் விடுதிக்குள் நுழைந்த மாணவர்களின் வழக்கில், சாட்சி சொன்ன மாணவிகளை அவர்கள் முன் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டியதில்லை என்று 1973இல் அதே நீதிமன்றம் கூறியது. சாட்சியின் பாதுகாப்பும் முக்கியம் என்பதே காரணம். என்ன குற்றச்சாட்டு என்று தெரிவதும், பதில் சொல்ல நேரம் கிடைப்பதும், சொன்னதை அவர்கள் பரிசீலிப்பதும்தான் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை.

இடைநீக்கம் செய்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள், விசாரணை முடியும்வரையா அல்லது தண்டனையா என்பது அதில் இருக்க வேண்டும். இடைநீக்க நாட்கள் வராத நாட்களாகவே ஏறும் கல்லூரிகள் பல. முன்பு சொன்ன 22 நாட்களில் பத்து நாள் இங்கேயே போய்விடும். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் அந்த நாட்களை வருகையாகக் கணக்கிட வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். கேட்காவிட்டால் யாரும் நினைவுவைத்துச் செய்ய மாட்டார்கள்.

முடிவு நியாயமில்லை என்றால்

முதலில் முதல்வரிடம் மறுபரிசீலனை மனு. தண்டனை பழிவாங்கலாகவோ பாகுபாடாகவோ இருக்கிறது என்றால் மாணவர் குறைதீர் குழுவுக்குப் போகலாம். 2023ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். பெண் உறுப்பினர் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் குறைந்தது இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதியும் சிறப்பு அழைப்பாளராக உண்டு. புகார் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதில் திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் முறையிடலாம். மானியக் குழுவின் 'இ-சமாதான்' தளத்திலும் பதியலாம்.

அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுக் கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு மிரட்டுவது எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லாத செயல். குறைதீர் குழுவில் தரக்கூடிய புகார்களில் அதுவும் ஒன்று.

பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு வழி வேறு. அவை ஒழுங்குக் குழுவுக்குப் போகக் கூடாது, உள்ளகப் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விஷயம் மாணவர்களைப் பற்றியதாக இருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகளும் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். "இரு வீட்டாரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று துறைத் தலைவர் சொன்னாலும் நீங்கள் நேராகக் குழுவிடம் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181 எப்போதும் உண்டு.

தண்டனை முடிந்த பிறகு

தண்டனைக் காலம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் நாளில், அனுமதிக் கடிதத்தை ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் காட்டிவிட்டு உட்காருங்கள். விட்டுப்போன இன்டர்னல் தேர்வு இருந்தால் மறுதேர்வு கேட்டு அந்த வாரமே எழுதிக் கொடுங்கள். மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் போட்டியிட முடியாது என்று, மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுக்க அமைக்கப்பட்ட லிங்டோ குழுவின் பரிந்துரை சொல்கிறது.

படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கவுன்ட்டரை விட்டு நகருமுன் பாருங்கள். 'நன்று' என்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது இருந்தால், அதை வாங்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்திடுமுன் முதல்வரைப் பார்த்து, உங்கள் தண்டனை எப்போது முடிந்தது என்ற கடிதத்தைக் காட்டி, திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். முதுகலைச் சேர்க்கைக்கும் வேலைக்கும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.